சி.வி. ஜாயின்ட் பழுது நீக்கம்

சி.வி. ஜாயின்ட் என்பது முன்சக்கர இயக்கக் கார்களில், சக்கரம் திரும்பினாலும் மேலும் கீழும் அசைந்தாலும், கியர் பெட்டியின் சுழற்சியை வேகம் மாறாமல் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு ஆகும். 1920களில் ஆல்பிரட் செப்பா வடிவமைத்த, ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட மூட்டு வகையே இன்றும் சக்கரப் பக்கத்தில் பரவலாகப் பயன்படுகிறது.

அறிகுறிகள்

மூட்டிலுள்ள கிரீஸை பூட் எனப்படும் ரப்பர் உறை காக்கிறது. உறை கிழிந்தால் கிரீஸ் தெறித்து வெளியேறும். மண்ணும் நீரும் உட்புகும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் படிந்திருப்பது முதல் அறிகுறி. இந்நிலையில் மூட்டு தேயாமல் இருந்தால், அதைக் கழுவிப் புதிய கிரீஸும் உறையும் இட்டால் போதும். வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்ற ஒலி எழுந்தால் பெரும்பாலும் மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது உறையை மட்டும் மாற்றுவது வீண் செலவு. மூட்டையோ முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்தல்

ஆக்சில் நட்டு மிக இறுக்கமாக இருக்கும் என்பதால், சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது உயிருக்கு ஆபத்து; உறுதியான ஸ்டாண்டுகள் தேவை. ஆக்சிலைக் கழற்றும்போது கியர் ஆயில் கசியலாம். குறைந்த அளவை நிரப்ப வேண்டும். புதிய நட்டை, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். நட்டு தளர்ந்திருந்தால் வீல் பேரிங் கெடும்.

பட்டறையில் செய்தல்

பட்டறையில் லிப்டும் உரிய கருவிகளும் இருக்கும். துருப்பிடித்து இறுகிய ஆக்சிலை எடுக்கவும், ஒலி மூட்டிலிருந்து வருகிறதா பேரிங்கிலிருந்து வருகிறதா என்று பிரித்தறியவும் அங்கு எளிது. கருவிகள் இல்லாதவருக்கு, ஒருமுறை வேலைக்காக அவற்றை வாங்கும் செலவு பட்டறைக் கூலியை மிஞ்சக்கூடும்.