பசுமைக் குடியிருப்பின் அடித்தளத்தில் இறங்குபவர் யார்?

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டினால் இருபுறமும் ஒரே சொல்தான் கண்ணில் படுகிறது: பசுமை. பிளாட்டினம் தரச்சான்று பெற்ற அடுக்குமாடிகள், கூரையில் சூரிய மின்தகடுகள், மியாவாக்கி முறையில் வளர்த்த குறுங்காடு, மழைநீர்த் தொட்டி, சொட்டு நீரையும் வீணாக்காத கழிவுநீர் மறுசுழற்சி என்று விளம்பரங்கள் அடுக்குகின்றன. இவற்றில் பலவும் பொய்யல்ல. தண்ணீர் லாரிகளை நம்பி வாழும் நகரத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்துவது தேவையான செயல்தான். அதை எதிர்ப்பது நமது நோக்கமன்று. அந்தச் சுத்திகரிப்பு நிலையம் அடைத்துக்கொள்ளும் நாளில் தொட்டிக்குள் இறங்குபவர் யார், அவர் உயிருக்குச் சட்டப்படி பொறுப்பானவர் யார் என்பவையே நமது கேள்விகள்.

முதலில் பசுமைச் சான்று என்பது என்னவென்று பார்த்துவிடலாம். இந்தியாவில் இரு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று, இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் 2001இல் தொடங்கப்பட்ட இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் தரமதிப்பீடு. மற்றொன்று, டெரி நிறுவனமும் ஒன்றிய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய 'க்ருஹா'. இரண்டிலும் மனையின் தேர்வு, நீர், மின்சாரம், கட்டுமானப் பொருள், உள்ளரங்கக் காற்று என்று தலைப்புவாரியாகப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கேற்ப வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்றோ நட்சத்திரங்களாகவோ தரம் கிடைக்கிறது. பல மாநிலங்களில் இத்தரம் பெற்ற கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பும் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே சான்று என்பது வெறும் பெருமைச் சின்னமன்று, அதற்குப் பண மதிப்பு உண்டு.

கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபயன்பாடு செய்வதற்கும் புள்ளிகள் உண்டு. அதைச் சட்டமும் வலியுறுத்துகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் வளாகங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியின் நிபந்தனைகளில் சுத்திகரிப்பு நிலையம் வழக்கமாக இடம்பெறுகிறது. மேலும், புறநகரில் பல வளாகங்கள் எழுந்தபோது அங்கே பாதாளச் சாக்கடையே வந்திருக்கவில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 500 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 2 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் செலவாகும். அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும். அதாவது, ஒவ்வொரு நாளும் இரண்டு லட்சம் லிட்டருக்கும் மேலான மலநீர் அந்த வளாகத்தின் அடித்தளத்திற்குள்ளேயே தேங்கி, சுழன்று, வடிகட்டப்பட வேண்டும். முன்பு நகராட்சியின் பொறுப்பாக இருந்த ஒன்று இவ்வாறு ஒரு தனியார் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

அத்தகைய கணக்கேடு ஒன்றை நாங்கள் பார்த்திருக்கிறோம். தோட்டச் செடிகளின் பெயர்கள்கூடத் தனித்தனியே எழுதப்பட்டிருந்த அந்த ஏட்டில், 'எஸ்.டி.பி. கிளீனிங் – 2 ஆள்' என்ற பதிவுக்கு நேரே ஒரு தொகை மட்டும் இருந்தது. அந்த இருவரின் பெயர் இல்லை. கேட்டபோது, "பிளம்பிங் காண்ட்ராக்டர் பசங்களை அனுப்புவார்" என்று பதில் வந்தது.

தொட்டி எப்படிக் கொல்கிறது என்பதைச் செயற்பாட்டாளர்கள் நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு மரணத்திற்குப் பிறகும் 'தவறி விழுந்துவிட்டார்' என்ற கதையே முதலில் சொல்லப்படுகிறது. வீடுகளிலிருந்து வரும் கழிவு முதலில் கம்பிச் சல்லடையைக் கடந்து சேகரிப்புத் தொட்டிக்குள் விழுகிறது. அங்கிருந்து பம்பு அதைக் காற்றூட்டும் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கே அடியில் பொருத்தப்பட்ட நுண்துளைக் குழாய்கள் வழியே காற்று செலுத்தப்பட்டு, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பின்னர் சகதி படிந்து பிரிகிறது, தெளிந்த நீர் வடிகட்டிகளுக்குச் செல்கிறது. கழிப்பறையில் போடப்படும் நாப்கினும் ஈரத்தாளும் துணியும் பம்பில் சிக்கிக்கொள்ளும். காற்றுக் குழாய்கள் சில ஆண்டுகளில் அடைபடும். இவற்றைச் சரிசெய்யத்தான் ஆள் இறக்கப்படுகிறார்.

காற்று நின்றுபோன தொட்டியில் ஆக்சிஜன் குறைந்து, ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்கின்றன. சகதிக்குள் அடைபட்டிருக்கும் வாயு, கால் வைத்துக் கலக்கியதும் ஒரேயடியாக வெளிப்படுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும், அளவு கூடியதும் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையென்று நம்பி இன்னும் ஆழத்திற்குப் போகிறவர் ஓரிரு மூச்சில் சாய்கிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் சாய்கிறார். ஒரே தொட்டியில் இருவர், மூவர் இறப்பதன் காரணம் இதுதான். அது கவனக்குறைவன்று, உடன்வேலை செய்பவரைக் காப்பாற்றப் பாய்ந்ததன் விலை. நிலையம் இரண்டாம் அடித்தளத்தில், காற்றோட்டமற்ற மூலையில் இருக்குமானால் ஆபத்து பன்மடங்காகும்.

இறங்குபவர் யார் என்பதற்கு அரசின் பதிலே இருக்கிறது. 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்த ஒன்றிய அரசு, 2024இல் வெளிவந்த விவரப்படி ஏறத்தாழ 38,000 பேரைப் பதிவு செய்திருந்தது. அவர்களில் சுமார் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 1993 முதலான மலக்குழி மரணங்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது. கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் இடையே கிடையாகக் கிடந்த தூரம், இந்த வளாகங்களில் செங்குத்தாக நிற்கிறது. மேலே சூரிய மின்தகடு, நடுவே வீடுகள், கீழே தொட்டி. பணியாளர்களுக்கென்று தனி மின்தூக்கியும் உண்டு.

இனி சட்டத்திற்கு வருவோம். கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013 என்றாலே நகராட்சியையும் ரயில்வேயையும் மட்டும் நினைக்கும் பழக்கம் நம்மிடமே இருக்கிறது. அச்சட்டத்தின் 2ஆம் பிரிவைப் படித்தால் வியப்பாக இருக்கும். உள்ளாட்சி அமைப்பு தவிர்த்துத் துப்புரவு வசதிகளை மேற்கொள்ளும் எந்த 'முகமை'யும் இச்சட்டத்திற்குள் வருகிறது. ஒப்பந்ததாரரும், ரியல் எஸ்டேட்டை உருவாக்கிப் பராமரிக்கும் நிறுவனமும் அதில் அடங்கும் என்று வரையறையே சொல்கிறது. கட்டுமான நிறுவனங்களைச் சட்டமியற்றியவர்கள் மறக்கவில்லை. நடைமுறைப்படுத்துவோர்தான் அந்த வரியைக் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்.

7ஆம் பிரிவு, சாக்கடையையும் மலக்குழியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் ஈடுபடுத்தக்கூடாதென்று தனிநபர், உள்ளாட்சி, முகமை ஆகிய அனைவரையும் தடுக்கிறது. மீறினால் 9ஆம் பிரிவின்படி முதல்முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம் வரை. 22ஆம் பிரிவின்படி குற்றம் பிணையில் விடமுடியாதது. 23ஆம் பிரிவு நிறுவனத்தின் பொறுப்பாளர்களைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்குகிறது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இரண்டு வாதங்களை வைப்பார்கள். முதலாவது, சுத்திகரிப்பு நிலையம் என்பது நவீன இயந்திரம், அது 'மலக்குழி' அன்று என்பது. மலக்குழிக்குச் சட்டம் தரும் வரையறை, மனித மலத்தைப் பெற்றுத் தேக்கி, நுண்ணுயிர்களால் சிதைவுற விடும் நீர்க்கசிவற்ற தொட்டி என்பதைச் சுற்றியே அமைந்துள்ளது. சேகரிப்புத் தொட்டி செய்யும் வேலையும் அதுவே. பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே இருக்கும் மலம் மாறிவிடாது. இதையும் தாண்டி 33ஆம் பிரிவு இருக்கிறது. மனிதர் மலத்தைக் கையாளும் தேவையை ஒழிக்கும் பொருட்டு, தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள சாக்கடை, மலக்குழி மற்றும் 'பிற இடங்களை'யும் உரிய கருவிகளைக் கொண்டு சுத்தம் செய்வது உள்ளாட்சியின், முகமைகளின் கடமை என்கிறது அது.

இரண்டாவது வாதம், பாதுகாப்புக் கருவி கொடுத்தோம் என்பது. காட்டப்படுவது பெரும்பாலும் துணி முகக்கவசமும் ரப்பர் காலணியும்தான். 2013ஆம் ஆண்டு விதிகள் தரும் பட்டியலில் நான்கு வாயுக்களைக் கண்டறியும் அளவிக் கருவி, காற்றுக்குழாயுடன் கூடிய சுவாசக் கருவி, உடல் கச்சை, ஆளைத் தூக்கும் முக்காலி ஆகியவை உள்ளன. குறுக்கு விசாரணையில் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஆயினும் வழக்குகள் நிற்பதில்லை. கட்டுமான நிறுவனம் சங்கத்திடம் ஒப்படைக்கிறது. சங்கம் பராமரிப்பு நிறுவனத்திற்குக் கொடுக்கிறது. அது பிளம்பிங் ஒப்பந்ததாரருக்கு உள்ஒப்பந்தம் விடுகிறது. அவர் நாள்கூலிக்கு ஆள் பிடிக்கிறார். முதல் தகவல் அறிக்கையில் கடைசிக் கண்ணியான அந்தச் சிறு ஒப்பந்ததாரர் மட்டுமே இருப்பார். பல வேளைகளில் அவரும் ஒரு ஏழையாகவே இருப்பார், சில வேளைகளில் இறந்தவரின் உறவினராகவும். சந்தேக மரணம் அல்லது அலட்சியத்தால் மரணம் என்று பதிவாகும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே அதில் இராது.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை விதித்தது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்திற்கு 20 லட்சமும், பிற பாதிப்புகளுக்குக் குறைந்தது 10 லட்சமும் என்று வகுத்ததோடு, வேலையை வெளியே ஒப்பந்தத்திற்கு விட்டாலும் பொறுப்பு தொடரும் வகையில் ஏற்பாடுகளைச் செய்யுமாறு பணித்தது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் மலமள்ளுதலையும் சாக்கடையில் ஆள் இறக்குவதையும் நிறுத்த ஆணையிட்டது. ஆணைகளுக்குப் பஞ்சமில்லை.

பசுமைச் சான்று இங்கே என்ன செய்கிறது? கட்டுமானத் தொழிலாளர்களுக்கான வசதி பற்றிய சில அம்சங்கள் மதிப்பீடுகளில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மதிப்பீடு பெரிதும் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் பார்த்து முடிகிறது. ஐந்தாம் ஆண்டில் பம்பு அடைக்கும்போது அங்கே மதிப்பீட்டாளர் இல்லை. இத்தனைக்கும் ஆள் இறங்கத் தேவையற்ற நிலையத்தைக் கட்டுவது கடினமன்று. பம்பைத் தண்டவாளம் போன்ற வழிகாட்டிக் கம்பியில் பொருத்தினால் சங்கிலியால் மேலே இழுத்துவிடலாம். காற்றுக் குழாய்களைத் தொகுதியாக வெளியே தூக்கும்படி அமைக்கலாம். சல்லடையைத் தொட்டிக்கு வெளியே, கருவியால் சுத்தம் செய்யும்படி வைக்கலாம். கட்டும்போது இதற்குச் சற்றே கூடுதல் செலவாகும், அந்த மிச்சத்தைத்தான் பின்னர் ஒருவர் தம் நுரையீரலால் ஈடுகட்டுகிறார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவு, ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்பு, வேலைத்தரம், சேவைக் குறைபாடுகளுக்குக் கட்டியவரைப் பொறுப்பாக்குகிறது. ஆள் இறங்கினாலொழியப் பழுதுபார்க்க முடியாத தொட்டியும் ஒரு குறைபாடே என்று வீடு வாங்கியவர்கள் முறையிட இடமுண்டு. நீச்சல் குளத்தின் ஓடு பெயர்ந்ததற்கு முறையிடுகிறவர்கள் இதற்கும் முறையிடலாம்.

அந்த வளாகங்களுக்கு வேலைக்கு வருவோர் பலரும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து 'நதி மீட்பு' என்ற சுற்றுச்சூழல் காரணத்தின் பேரில் அகற்றப்பட்ட குடும்பங்களும் அங்கேதான் கொண்டுவரப்பட்டன. இடையே கிடப்பது 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதன் நீர்ப்பரப்பை யார் எவ்வளவு விழுங்கினார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரியது.

மாணவத் தோழர்கள் உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு வளாகத்தின் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு குறிக்கப்பட்டிருக்கும். நிபந்தனைகள் நிறைவேற்றப்படுவதாக ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும் அறிக்கை தர வேண்டும். 2006 அறிவிக்கையின்படி அவ்வறிக்கைகள் பொது ஆவணங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் வழங்கிய இசைவாணையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நீங்களே அத்தகைய வளாகத்தில் வசிப்பவரானால், சங்கத்தின் பொதுக்குழுவில் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கேட்டு, 'எந்த நிலையிலும் தொட்டிக்குள் ஆள் இறக்கப்படாது' என்ற விதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மரணம் நிகழும் முன்பே கையில் இருக்கும் ஆவணம், நிகழ்ந்த பின் திருத்தப்படும் ஆவணத்தைவிடப் பலமடங்கு மதிப்புடையது.

மரணம் நிகழ்ந்துவிட்டால் முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 9 பிரிவுகளையும், கட்டுமான நிறுவனம் அல்லது சங்கம், பராமரிப்பு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களையும் சேர்க்கும்படி எழுத்து மூலம் கோருங்கள். இறந்தவர் பட்டியல் சாதியினராயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், கையால் மலமள்ளச் செய்வதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். பிணக்கூறாய்வில் வாயு நச்சு குறித்த ஆய்வுக்கு மாதிரிகள் எடுக்கப்பட்டனவா என்று அன்றே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நாட்களை எண்ணுங்கள். 10ஆம் பிரிவின்படி, சம்பவம் நிகழ்ந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் முறையீடு செய்யப்படாவிட்டால் இச்சட்டத்தின் கீழான குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது. குடும்பம் துக்கத்திலும், கையில் திணிக்கப்பட்ட சமரசத் தொகையிலும் இருக்கும்போதே அந்த 3 மாதங்கள் ஓடிவிடுகின்றன.