சேமவச்சு

புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே உப்பு வாணிகரின் வண்டியொன்று வருகின்றது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழப் புகுந்த ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியிலே கட்டிக்கொண்டு செல்லும் மாற்று அச்சினை அவனுக்கு உவமையாக்கினார். பூட்டிய எருதுகள் பழக்கமில்லாதன. ஏற்றிய பாரமோ பெரிது. வழியில் என்ன நேருமென்று அறிந்தவர் எவருமிலர். ஆதலின் அச்சு முறிவதற்கு முன்னரே வேறோர் அச்சைத் தேடி வைத்தனர். அதன் பெயர் சேமவச்சு.

இப்பாட்டினை ஏறத்தாழ 30 ஆண்டுகளாக மாணவருக்குக் கற்பித்து வருகின்றேன். 'சேமவச்சு - காவலாக வைத்த அச்சு' என்று பொருள் எழுதுவித்து, உவமையை விளக்கி, அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுவது என் வழக்கம். அந்த உமணன் எத்தனை இரவுகள் அச்சு முறிந்து காட்டுவழியிலே கிடந்தபின் இந்த அறிவைப் பெற்றான் என்று ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தேனல்லேன். அதனை எனக்கு எண்ணிப் பார்க்கச் செய்தது ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி.

வண்டியும் அதன் தலைவனும்

வண்டிக்குரியவர் என் பழைய மாணவர். வடமராட்சிக் கடற்கரையைச் சேர்ந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடலுக்குச் சென்றவர். இலக்கியத்திலே அவருக்கு நான் இட்ட புள்ளிகளை இப்போது சொல்லாதிருப்பதே இருவருக்கும் நன்று. சித்திரை பிறந்ததும் கிழக்குக் கடல் அமைதியடையும். அப்போது அவர் திருகோணமலைப் பக்கத்துக் கரையிலே வாடி அமைத்துத் தொழில் செய்வார். மாரிக்கு முன் திரும்பிவிடுவார். போகும்போதும் வரும்போதும் படகினை ஒரு றெயிலரிலே ஏற்றிப் பிக்கப்பின் பின்னே கட்டி இழுத்துச் செல்வார். கொடிகாமம், ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று செல்லும் அவ்வழி ஏறத்தாழ 240 கிலோமீற்றர்.

பிக்கப்போ 1990ஆம் ஆண்டளவில் யப்பானிலே செய்யப்பெற்ற ரொயோற்றா ஹைலக்ஸ். "புதியதொன்று வாங்கலாகாதா, தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பெற்றது. 2025இலே அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பெறும்வரை நாட்டிலுள்ள பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2022இலே டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாமெல்லாம் அறிவோம். அக்காலத்தில் இருப்பதைக் காத்துக்கொள்வதன்றி அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவ்வண்டி ஒரு பருவம் படுத்துவிட்டால் படகு கரையிலே கிடக்கும். படகு கிடந்தால் அடுப்பு எரியாது.

காட்டுவழியில் ஓர் இரவு

2023ஆம் ஆண்டு சித்திரையிலே திருகோணமலையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு நான் செல்லவேண்டியிருந்தது. அவர் புறப்படும் நாளும் அதற்கு ஏற்றதாய் அமைந்தமையால் முன்னிருக்கையில் எனக்கும் ஓரிடம் கிடைத்தது. அவருடைய மைத்துனரும் உடன் வந்தார்.

புறப்படுமுன் இரண்டு நாள் முழுவதும் அவர் எஞ்சினோடு போராடியதைக் கண்டிருந்தேன். ஒயில் மாற்றினார், டீசல் ஃபில்ரர் மாற்றினார், புதிய ஃபான் பெல்ற் பூட்டினார். வண்டியும் வவுனியாவரை குறையொன்றும் சொல்லவில்லை. ஹொரவப்பொத்தானை நோக்கித் திரும்பிச் சிறிது தூரம் சென்றபின், பொழுதுபடும் வேளையிலே, கிறீஸ் கருகும் மணம் எழுந்தது. பின்னால் வந்த லொறிக்காரர் ஒலியெழுப்பிக் கைகாட்டினார். இறங்கிப் பார்த்தபோது றெயிலரின் இடப்புறச் சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சில்லின் குடத்தினுள் இருந்த பெயாரிங் நொறுங்கி அச்சோடு ஒட்டிப்போயிருந்தது.

மாற்றுவதற்கு எதுவும் இல்லை. யானை நடமாடும் வழி அது. மைத்துனர் விறகு பொறுக்கித் தீ மூட்டினார். மூவரும் படகின் நிழலிலே விழித்திருந்தோம். நள்ளிரவுக்குப் பின் மாணவர் மெல்லச் சொன்னார்:

"எஞ்சினைத்தான் பாத்தனான் ஐயா, பின்னாலை வாறதைப் பாக்கேல்லை."

நடந்தது இதுதான். முந்திய பருவத்தின் முடிவிலே படகை ஏற்றுவதற்காக றெயிலரைக் கடல்நீருக்குள் தள்ளியிருக்கின்றார். நெடுந்தூரம் ஓடிய சில்லின் குடம் சூடேறியிருக்கும். அச்சூட்டோடு குளிர்ந்த நீரிலே இறக்கினால் குடத்தினுள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, தேய்ந்த சீலின் வழியே உப்புநீர் உள்ளே உறிஞ்சப்படும். அந்நீர் கிறீஸோடு கலந்து, ஆறு மாதம் கேட்பாரற்றுக் கிடந்து, உருக்கைத் தின்றுவிட்டது. வெளியே பார்த்தால் சில்லு புதிது போலவே இருந்தது.

மறுநாள் காலை அவர் பேருந்தேறி வவுனியாவுக்குப் போனார். பெயாரிங்கிலே பொறித்திருந்த எண் துருவிலே கரைந்துபோய்விட்டமையால், அளவு பார்த்து ஏற்றதொன்றைத் தேட மூன்று கடைகள் ஏறி இறங்கவேண்டியதாயிற்று. நாங்கள் திருகோணமலை சேர்ந்தபோது மறுநாளும் இருட்டிவிட்டது. என் கூட்டம் நான் இல்லாமலே இனிது நடந்து முடிந்திருந்தது. அவருக்கோ பருவத்தின் முதலிரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளிலும் அயல் வாடிக்காரருக்கு நல்ல பாடு என்று கேள்விப்பட்டோம்.

நான் கற்ற பாடம்

அன்றிரவும் அதன் பின்னரும் அவர் எனக்குச் சொன்னவற்றை, நெடுவழியிலே பாரம் இழுக்கும் பிறருக்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

டீசல் எஞ்சினிலே தீப்பொறி இல்லை. ருடோல்ஃப் டீசல் என்னும் யேர்மனியர் 1897இலே ஓட்டிக் காட்டிய முறையின்படி, உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கியதும் அது தானே கனன்றெழும். அக்கனலிலே டீசலைப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். பீச்சுகின்ற பம்பும் நொசிலும் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளிகளை உடையன. பழைய வண்டிகளிலே அப்பம்பிற்கு நெய்ப்பாக இருப்பதும் அந்த டீசலே. எனவே டீசலிலே நீரோ தூசோ கலந்துவிட்டால் முதலிற் கெடுவது அதுதான். ஃபில்ரரின் அடியிலே தேங்கும் நீரை அவர் வாரத்துக்கொருமுறை திறந்து விடுகின்றார். நெடும் பயணத்தில் மாற்று ஃபில்ரரொன்று இருக்கையின் கீழே எப்போதும் இருக்கும்.

அடுத்தது வெப்பம். எரியும் டீசலின் வெப்பத்திலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் வண்டியை இழுக்கும் வேலையாகின்றது. மற்றொரு பங்கு புகையோடு போகும். எஞ்சியதிற் பெரும்பகுதியை றேடியேற்றர் காற்றிலே விடவேண்டும். வெறும் வண்டி ஓடும்போது பாதி அடைபட்ட றேடியேற்றரும் சமாளித்துவிடும். பின்னே படகைக் கட்டிச் சோளகக் காற்றை எதிர்த்து ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். மனிதரிலும் அப்படித்தானே, சுமை வந்தபோதே உடலின் குறை தெரிகின்றது.

யாழ்ப்பாணத்தார் இதிலே சிறப்பாகக் கவனிக்கவேண்டியதொன்று உண்டு. நம்முடைய நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுநீரிலே சுண்ணம் கரைந்திருக்கின்றது. கேத்திலின் அடியிலே வெள்ளையாகப் படிகின்றதன்றோ? அதுவே றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் படியும். படிந்த ஏடு வெப்பத்தை வெளியே விடாது.

"குடிக்கிறதுக்கு நல்ல தண்ணி ஐயா, எஞ்சினுக்கு நஞ்சு" என்றார் மாணவர். அவர் காய்ச்சிவடித்த நீரோடு கூலண்ற் கலந்தே ஊற்றுகின்றார். எஞ்சின் கொதித்துவிட்டால் மூடியைத் திறப்பதோ குளிர்நீரை ஊற்றுவதோ கூடாது. திறந்தால் கொதிநீர் முகத்திலே பீறும். குளிர்நீர் பட்டால் எஞ்சினின் தலைப்பகுதி வெடிக்கக்கூடும். ஓரமாக நிறுத்தி, ஆறும்வரை காத்திருப்பதே வழி. பொறுமை இல்லாதவன் பழைய வண்டி வைத்திருக்கலாகாது.

புகையின் நிறத்தையும் அவர் படித்தறிவார். கரும்புகை காற்றுப் போதாமையையோ டீசல் மிகுதியையோ காட்டும். காற்று வடியைத் தட்டிப் பார்க்கவேண்டும். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைச் சொல்லும். சூடேறிய பின்னரும் வெண்புகை நில்லாதாயின், றேடியேற்றர் நீர் எஞ்சினுக்குள்ளே இறங்குகின்றதோ என்று ஐயுறவேண்டும்.

இழுவையிலே பாரத்தை வைக்கும் முறையும் ஒரு கலை. றெயிலரும் படகும் சேர்ந்த பாரத்திலே 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் கொழுக்கிமேல் அமரவேண்டும். மொத்தம் 800 கிலோ எனின் கொழுக்கியில் 80 முதல் 120 கிலோ. அதனிற் குறைந்தால் றெயிலர் பாம்புபோல் நெளிந்து வண்டியையும் இழுத்துச் செல்லும். மிகுந்தால் பிக்கப்பின் முன்புறம் எழும்பி, திருப்பும் சில்லுகள் நிலத்தை இறுகப் பற்றமாட்டா. இதனாலே படகின் வெளியிணைப்பு இயந்திரத்தை அவர் படகின் பின்புறத்திலே விடாது கழற்றிப் பிக்கப்பிலே ஏற்றுகின்றார். பாரத்தோடு செல்லும்போது மேல் கியரிலே எஞ்சினைத் திணறவிடாது ஒரு கியர் இறக்குகின்றார். பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது; ஈரம் சேர்ந்த ஒயில் பிறேக் சூடேறும்போது ஆவியாகிக் கால்மிதியைக் கைவிட்டுவிடும். எனவே அதனை இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுகின்றார்.

ஒரு கொப்பி

இத்தனையும் சொன்னவரிடம், "இவற்றையெல்லாம் எப்போது செய்தீர் என்று எழுதி வைத்திருக்கின்றீரா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். வண்டியின் தூரங்காட்டி நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. எல்லாம் நினைவிலே இருந்தன. றெயிலரின் சில்லு மாத்திரம் நினைவிலே இருக்கவில்லை.

நான் செய்யக்கூடியது ஒன்றே. பள்ளிக் கொப்பியொன்றிலே கோடிட்டுக் கொடுத்தேன்: திகதி, சென்ற இடம், தூரம், ஊற்றிய டீசல், சேர்த்த ஒயில், மாற்றிய பொருள். றெயிலருக்கென்று கடைசிப் பக்கங்களைத் தனியே ஒதுக்கினேன். தூரங்காட்டி இல்லையாயினும் வழியோரத்துக் கிலோமீற்றர்க் கற்கள் இருக்கின்றன. மூன்று மாதத்தின்பின் அவரே வந்து, "முந்தி லீற்றருக்கு எட்டு ஓடினது இப்ப ஏழுதான் ஐயா" என்றார். பார்த்தபோது ஒரு பக்கத்துப் பிறேக் சிறிது பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு எழுதாதிருந்தால் அது சூடேறிப் புகையும்போதே தெரிந்திருக்கும்.

மறு சித்திரை

2024ஆம் ஆண்டும் அவரோடு சென்றேன். ஆனையிறவிலே நிறுத்தினார்; மாங்குளத்திலே நிறுத்தினார்; வவுனியாவிலே நிறுத்தினார். ஒவ்வோரிடத்தும் இறங்கி, றெயிலரின் இரு குடங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். வைத்தியர் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல இருந்தது. இளஞ்சூடாயின் நன்று, ஒன்று மற்றொன்றினும் மிகச் சூடாயின் உள்ளே பிழையுண்டு. வாடிக்குச் சேர்ந்ததும் குடங்கள் ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தே றெயிலரை நீரிலே இறக்கினார். படகு மிதந்தபின் றெயிலரைக் கரையேற்றி, வாளி வாளியாக நன்னீர் ஊற்றிக் கழுவினார்.

அப்போது றெயிலரின் அடியிலே ஏதோ தொங்குவதைக் கண்டேன். பழைய ரியூபினாலே சுற்றிக் கம்பியாற் கட்டியிருந்தது.

"அதென்ன, தம்பி?"

"குடம் ஐயா. பெயாரிங், சீல் எல்லாம் பூட்டிக் கிறீஸ் அடைச்சுக் கிடக்கு. வழியிலை போனா அப்பிடியே கழட்டி மாத்தலாம். ஒரு அந்தரத்துக்கு."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. பின்னர் அவருக்கு ஔவையாரின் பாட்டைச் சொல்லி, உமணரையும் சேமவச்சையும் விளக்கினேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உப்பு ஏத்தினவையோ ஐயா? அப்ப அவைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

அன்று வகுப்பிலே இதனை ஏன் இப்படிச் சொல்லித் தரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் மறுமொழி இல்லை.

நொறுங்கிய அந்தப் பெயாரிங்கை அவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது 102ஆம் பாட்டைக் கற்பிக்கும் நாளில் அதனையும் வகுப்புக்குக் கொண்டு செல்கின்றேன். மாணவர் ஒவ்வொருவராகக் கையிலே வாங்கிப் பார்ப்பர். விரல்களிலே துரு ஒட்டிக்கொள்ளும். அதன் பின்னரே ஏட்டைத் திறக்கச் சொல்கின்றேன்.