அன்டெனா கூடினால் கணக்கு இலகுவாகுமா?

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கரை சேரும் நேரம் முதலாளி, லொறிக்காரர், வியாபாரி எல்லார் காதிலும் போன்தான். அவற்றில் 16 போன்கள் ஒரே கணத்தில், ஒரே அலைவரிசையில், 16 அன்டெனா பொருத்திய ஒரு கோபுரத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அன்டெனாவிலும் 16 சிக்னலும் கலந்தே விழும். எது யாருடையது என்று பிரிப்பது கோபுரத்தடியில் உள்ள கருவியின் பாடு.

ஒவ்வொரு போனும் நான்கு குறிகளில் ஒன்றை அனுப்பினாலே, மொத்தச் சேர்க்கைகள் ஏறத்தாழ 429 கோடி. எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தால் அதைவிடச் சிறந்த விடை இல்லை. ஆனால் 4ஜியில் அடுத்த குறி வர நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இன்னொரு போன் சேர்ந்தால் வேலை நான்கு மடங்கு.

பழைய குறுக்குவழி ஒன்று உண்டு. சிக்னல் கலந்த விதத்தைத் தாயமாக எழுதி, அதன் நேர்மாறால் பெருக்குவது. சில ஆயிரம் பெருக்கல்களில் முடிந்துவிடும். ஆனால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

2008இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. சொக்கலிங்கம், பி. சுந்தர்ராஜன் குழுவினர் வேறு வழி காட்டினார்கள். குறுக்குவழி தந்த அரைகுறை விடையிலேயே தொடங்கு. அதிலுள்ள 32 பிட்டுகளில் ஒன்றை மாற்றிப் பார். வந்த சிக்னலுக்கு விடை நெருங்கினால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் பழையபடி விடு. எந்த ஒற்றை மாற்றமும் உதவாதபோது நிறுத்து. அவ்வளவுதான்.

கேட்டால் சோம்பேறி வேலை போலிருக்கும். அன்டெனா குறைவென்றால் உண்மையிலேயே அப்படித்தான். தவறான விடையில் சிக்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் கூடும்போதோ, மிகச் சிறந்த விடைக்குக் கிட்டப் போய்விடுகிறது. பாதைகளின் தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதே காரணம். கணக்கைப் பெருக்கும் அதே எண்ணிக்கை எளிய முறைக்குப் பக்கபலமாகவும் நிற்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

2010இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா, போன்களைவிட அன்டெனாக்களைப் பல மடங்கு வைக்கச் சொன்னார். இன்றைய 5ஜியின் 64 அன்டெனாப் பலகைகள் அந்த வழியில் வந்தவை. அங்கே நேர்மாறே போதும். அதையும் தோராயமாகக் கண்டுபிடித்தாலே பெரும்பாலும் சரி. போனும் அன்டெனாவும் சரிக்குச் சரி நிற்கும் இடத்தில்தான் தேடல் முறைக்கு வேலை. சிக்கினால் மீள, சற்று மோசமான விடைக்கும் தற்காலிகமாக நகர விடும் ‘டாபு’ தேடலையும் சொக்கலிங்கத்தின் குழு பின்னர் முயன்றது. அதற்குக் கணக்கு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.