வெளிநாட்டு செல்போன் ரிப்பேர் ஆகிவிட்டதா? 'வாரண்டி கிடையாது' என்று கைவிரித்தால் என்ன செய்வது?

திருச்சி:

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு வரும்போது கோடாலித் தைலம், சாக்லேட்டோடு ஒரு செல்போனும் வாங்கி வருவது வழக்கம். தம்பிக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று என்று ஓவர்டைம் பார்த்த காசில் வாங்கி வருகிறார்கள். அந்த போன் மூன்றாவது மாசமே படுத்துக்கொண்டால்? அங்கேதான் ஆரம்பிக்கிறது தலைவலி.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், கவுண்டரில் இருப்பவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது சிங்கப்பூர் பீஸ். இங்க வாரண்டி வராது. காசு கட்டுனா பார்க்கலாம்" என்கிறார். "ஏங்க, அதே கம்பெனிதானே? பில்லும் இருக்கே?" என்று கேட்டாலும் பதில் மாறுவதில்லை. டிஸ்பிளே போயிருந்தால் போன் விலையில் பாதி கேட்பார்கள். மதர்போர்டு என்றால் கேட்கவே வேண்டாம்!

அதற்காக போனைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட வேண்டியதில்லை. வழி இருக்கிறது. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் மறுக்கிறார்கள்?

கம்பெனி ஒன்றுதான். ஆனால் பல செல்போன் கம்பெனிகள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக வாரண்டி வைத்திருக்கின்றன. எந்த நாட்டுக்காகத் தயாரானதோ அந்த நாட்டில் மட்டும்தான் இலவச ரிப்பேர். சில கம்பெனிகள் பக்கத்து பக்கத்து நாடுகளைச் சேர்த்து ஒரே வட்டாரமாக வைத்திருக்கும். எல்லா நாட்டிலும் செல்லும் வாரண்டி கொடுப்பவர்களும் உண்டு. அதிலும் 'இந்த நாட்டில் விற்கும் மாடலாக இருந்தால் மட்டும்' என்று ஒரு கொக்கி இருக்கும்.

மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சமாச்சாரம் வேறாக இருக்கலாம். உதாரணத்துக்கு ஐபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் போனில் சிம் கார்டு போடும் இடமே கிடையாது. ஹாங்காங்கில் இரண்டு சிம் கார்டு போடும் மாடல் விற்கிறார்கள். பெயர் ஒன்று, உள்ளே உதிரிபாகம் வேறு. அந்த உதிரிபாகத்தை இங்கே ஸ்டாக் வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. வேறு நாட்டுக்கு அனுப்பிய போனைச் சில கடைக்காரர்கள் மொத்தமாக வாங்கி வந்து விலை குறைத்து விற்பார்கள். நீங்கள் சிங்கப்பூரில் வாங்கியிருப்பீர்கள். ஆனால் அது சிங்கப்பூர் போனாக இருக்காது! அப்போது இங்கேயும் வாரண்டி இல்லை, அங்கே கம்பெனியிலும் இல்லை. கடைக்காரர் எழுதிக் கொடுத்த 'ஷாப் வாரண்டி' மட்டும்தான் மிச்சம்.

பெட்டியில் பாருங்கள்

முதல் வேலை, உங்கள் போன் எந்த நாட்டு பீஸ் என்று கண்டுபிடிப்பது. போனில் *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும். பெட்டியில் ஒட்டியிருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் பெட்டி வேறு, போன் வேறு. ஏமாந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அந்த நம்பரையோ சீரியல் நம்பரையோ கம்பெனியின் வெப்சைட்டில் போட்டால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று காட்டிவிடும். சில கம்பெனிகளில் எந்த நாட்டுக்கான போன் என்பதும் தெரியும். 'புது போன்' என்று வாங்கியது எப்போதோ ஆக்டிவேட் ஆனது என்றால் அதுவும் இங்கேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பெட்டிக்குள் இருக்கும் சின்ன வாரண்டி புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. அதில்தான் விஷயமே இருக்கிறது. எந்த நாட்டில் செல்லும், எத்தனை மாசம், எதற்கெல்லாம் செல்லாது என்று அச்சடித்திருப்பார்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

'தண்ணி பட்டிருக்கு சார்'

நாட்டுப் பிரச்சினை இல்லாவிட்டாலும் மறுப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதில் முதலிடம் தண்ணீர். பல போன்களில் சிம் கார்டு போடும் இடத்திலோ உள்ளேயோ ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் அது சிவப்பாக மாறிவிடும். அதைக் காட்டித்தான் 'வாட்டர் டேமேஜ்' என்று எழுதுகிறார்கள்.

கீழே விழுந்து நசுங்கியது, வெளிக்கடையில் பிரித்தது, சாப்ட்வேரை மாற்றியது என்றாலும் இலவச ரிப்பேர் கிடையாது. எனவே வாரண்டி பாக்கி இருக்கும்போது, "அண்ணே, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லும் தெருமுனை கடையில் போனைப் பிரிக்க விடாதீர்கள். ஒரு திருகாணியைக் கழற்றினாலும் அது சர்வீஸ் சென்டர்காரருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அதையே காரணமாகச் சொல்லிவிடுவார்கள்.

எழுதி வாங்குங்கள்

வாயால் 'முடியாது' என்று சொன்னதை எங்கேயும் காட்ட முடியாது. சர்வீஸ் சென்டருக்குப் போனால் கண்டிப்பாகச் செய்ய வேண்டியவை இவைதான்:

* போனைக் கொடுக்கும் முன்பு நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். 'ஸ்கிராட்ச் ஏற்கனவே இருந்தது' என்ற பேச்சு வராது.

* போட்டோ, போன் நம்பர்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பேங்க் ஆப், ஜிபே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சிம், மெமரி கார்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

* ஜாப் ஷீட் இல்லாமல் போனைக் கொடுக்காதீர்கள். அதில் என்ன கோளாறு, ஐஎம்இஐ நம்பர், தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

* மறுத்தால், 'என்ன காரணத்துக்காக வாரண்டி மறுக்கப்பட்டது' என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே கம்பெனிக்கு ஈமெயில் போட்டு, 'இன்ன தேதியில் இன்ன சென்டரில் இப்படிச் சொன்னார்கள்' என்று பதிவு செய்துவிடுங்கள்.

கம்பெனியிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மெயில் ஒரு சாட்சி. நாளைக்கு எங்கே புகார் கொடுத்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

வாங்கிய நாட்டில்தான் வழி

பலரும் செய்யும் தப்பு, இங்கேயே நின்று சண்டை போடுவது. வாரண்டி வெளிநாட்டில் மட்டும் செல்லும் என்று புத்தகத்தில் இருந்தால் இங்கே உள்ள சர்வீஸ் சென்டரை மடக்குவது கஷ்டம். ஆனால் போனை விற்ற கடைக்காரர் அங்கே இருக்கிறார். வாங்கிக் கொடுத்த அண்ணனோ மச்சானோ பெரும்பாலும் அங்கேயேதான் வேலை பார்க்கிறார். பில்லும் அவர் பெயரில்தான் இருக்கும். புகார் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1-ம் தேதி முதல் 'லெமன் சட்டம்' என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டைப் பொருளுக்கு அங்கே அப்படி ஒரு பெயர். வாங்கிய 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் ரிப்பேர் செய்து தர வேண்டும் அல்லது வேறு போன் தர வேண்டும். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ, பணத்தைத் திருப்பிக் கேட்கவோ முடியும். செகண்ட் ஹேண்ட் போனுக்கும் இது பொருந்தும்.

இதில் முக்கியமான சங்கதி, இந்தப் பொறுப்பு விற்ற கடைக்காரருடையது. 'கம்பெனியைப் போய்ப் பாருங்க' என்று அவர் தட்டிக் கழிக்க முடியாது.

கடைக்காரர் மசியவில்லை என்றால் 'கேஸ்' என்ற நுகர்வோர் சங்கத்தில் சொல்லலாம். அதற்கும் மேலே சிறு கோரிக்கை தீர்ப்பாயம் இருக்கிறது. 20 ஆயிரம் வெள்ளி வரை வழக்குப் போடலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க அனுமதியே கிடையாது. அதனால் வக்கீல் பீஸும் கிடையாது.

மலேசியாவில் நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயம் உண்டு. 50 ஆயிரம் ரிங்கிட் வரை கேட்கலாம். கட்டணம் வெறும் 5 ரிங்கிட். 3 வருஷம் டைம். இங்கேயும் வக்கீல் தேவையில்லை.

துபாய், ஷார்ஜா பக்கம் வாங்கியிருந்தால், ஐக்கிய அரபு அமீரகத்தில் 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கங்கே உள்ள அரசு நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

இங்கிருந்து போனைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால், நம்பிக்கையான ஆள் யாராவது லீவு முடிந்து போகும்போது பில்லோடு கொடுத்து அனுப்புங்கள். கைப்பையில் கொண்டு போவது நல்லது. பேட்டரி உப்பிய போனை மட்டும் விமானத்தில் கொண்டு போகவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து!

காலில் விழுந்த வாலிபர்

'வெளிநாட்டில் போய் நம்மால் என்ன செய்ய முடியும்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2014 நவம்பரில் வியட்நாமிலிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, சிம் லிம் ஸ்கொயரில் உள்ள கடையில் 950 வெள்ளி கொடுத்து ஐபோன் 6 வாங்கினார். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு, 'வாரண்டிக்கு இன்னும் 1,500 வெள்ளி கொடு, இல்லாவிட்டால் போன் கிடையாது' என்றார்கள். அந்த வாலிபர் கடையிலேயே மண்டியிட்டு அழுதார். கடைசியில் கிடைத்தது 400 வெள்ளிதான்.

ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. வீடியோ பரவி ஊரே கொதித்தது. போலீஸ் விசாரணை நடந்தது. பலரை இப்படி ஏமாற்றிய அந்தக் கடை முதலாளிக்கு 2015 நவம்பரில் 33 மாத ஜெயில் தண்டனை கிடைத்தது. புகார் கொடுத்தால் நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம்ம ஊரில் வாங்கியிருந்தால்?

வெளிநாட்டு பீஸை இங்கேயே பஜாரில் வாங்குபவர்களும் உண்டு. பில்லோடு வாங்கியிருந்தால் விற்ற கடைக்காரரைப் பிடிக்கலாம். 'உலகம் பூரா வாரண்டி' என்று புத்தகத்தில் போட்டுவிட்டு இங்கே மறுத்தாலும் விடக் கூடாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். பைசா செலவில்லை. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2025 முதல் 'இ-ஜாக்ரிதி' என்ற வெப்சைட்டிலும் புகார் கொடுக்க முடிகிறது.

பில் இல்லையா? கேஸ் நிற்பது கஷ்டம்தான். 'பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் கம்மி' என்று ஆசை காட்டுவது இதற்காகத்தான்.

கூகுளில் நம்பர் தேடாதீங்க!

அவசரத்தில் கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி, வருகிற முதல் நம்பருக்குப் போன் போடுகிறார்கள். 'வாரண்டி போட்டுத் தர்றோம், 10 ரூபாய் மட்டும் கட்டுங்க, ஓடிபி சொல்லுங்க' என்பான். சொன்னால் அக்கவுண்ட் காலி! வாரண்டி புத்தகத்தில் உள்ள நம்பரை மட்டும் நம்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வாங்கும் முன் மூன்று கேள்வி

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் அண்ணன், தம்பிகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். கடையில் காசு கொடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டியது மூன்றே மூன்று:

"இது கம்பெனி வாரண்டியா, ஷாப் வாரண்டியா?"

"இந்தியாவில் செல்லுமா? செல்லும் என்றால் புத்தகத்தில் எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள்."

"பில்லில் ஐஎம்இஐ நம்பர் எழுதித் தருவீர்களா?"

மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இந்தியாவில் வாரண்டி செல்லாது என்று தெரிந்தால், இங்கே அதே மாடல் என்ன விலை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாலாயிரம், ஐயாயிரம் வித்தியாசத்துக்காக அங்கே வாங்கினால், ஒரு டிஸ்பிளே மாற்றும் செலவில் அந்த லாபம் காணாமல் போய்விடும்.