சானடோரியத்தின் பழைய மாத்திரை

கெட்ட புரதத்தை முடக்காமல் அடியோடு ஒழிக்கும் புதுவகை மருந்துகள் நம் பக்கம் எப்போது வரும் என்று அஸ்தினாபுரம் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்திலேயே, 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தில் அப்படியொரு மாத்திரை நெடுநாளாகப் புழங்குகிறது: பைரசினமைடு. 1952 முதல் காசநோய்க்குக் கொடுக்கிறார்கள்.

அந்த மாத்திரை தானாகக் கிருமியைக் கொல்லாது. கிருமிக்குள் போனதும், கிருமியின் நொதியே அதைப் பைரசினோயிக் அமிலமாக மாற்றுகிறது. அமிலம் ‘பேன்-டி’ என்ற இன்னொரு நொதியில் ஒட்டுகிறது. அதை முடக்குகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2020-இல் பூஜா கோபால், தாமஸ் டிக் குழுவினர் பார்த்தபோது, நொதியே கரைந்துபோவது தெரிந்தது. எங்கள் தெருவில் வடிகால் வெட்டும் முன் சுவர்களில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். இடித்தது பின்னால் வந்த ஜேசிபி. மருந்தும் குறிதான் போடுகிறது. இடிப்பது, கழிவுப் புரதங்களை வெட்டக் கிருமி வைத்திருக்கும் ‘கிளிப்’ என்ற இயந்திரம். நஞ்சைக் காய்ச்சுவதும் கிருமி, தன்னை வெட்டிக்கொள்வதும் கிருமி! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இது தெரிய 68 ஆண்டு ஆனதற்கு, காசநோய் ஏழைகளின் நோயாக இருப்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

புற்றுநோய் ஆய்வுக்குப் பணமும் கருவியும் கிடைக்கின்றன. மருந்து பட்ட செல்லிலும் படாத செல்லிலும் ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து, எது குறைந்தது என்று ஒப்பிடுகிறார்கள். இதுதான் புரோட்டியோமிக்ஸ். லெனாலிடோமைடு என்ற மருந்து மைலோமா என்னும் இரத்தப் புற்றுச் செல்களில் ஐகரோஸ், அயோலோஸ் என்னும் இரு புரதங்களை ஒழிப்பது 2014-இல் இப்படித்தான் வெளிப்பட்டது. பெங்களூரு ஆரிஜீன் நிறுவனத்தின் ஏயூ-15330 என்ற புரத ஒழிப்புச் சேர்மத்தை, மிச்சிகனில் அருள் சின்னையன் குழுவினர் புராஸ்டேட் புற்றுச் செல்களில் இவ்வாறே சோதித்தார்கள். குறி தவறி நல்ல புரதம் போயிருந்தாலும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

பைரசினமைடு கூட்டுமருந்தில் சேர்ந்ததால்தான் ஒன்பது மாதக் காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. அப்படியும் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களும் உண்டு. இவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியது நாம்தான். அரைகுறையாக மருந்து பட்டுப் பிழைக்கும் கிருமிகளில், அமிலமாக்கும் நொதி பழுதானவை இருந்தால் அவையே பெருகும். அவற்றினுள் மாத்திரை அமிலமாகாது, குறியும் விழாது.