எல்லைகளின் முச்சந்தி

தெருக்கள் மூன்று கூடுமிடத்தை முச்சந்தி என்றும், ஆறுகள் மூன்று கூடுமிடத்தை முக்கூடல் என்றும் வழங்குதல் தமிழ் மரபு. முச்சந்தியில் மக்கள் திரள்வர். முக்கூடலில் நீராடுவோர் பலர். மாநிலங்களின் எல்லைகள் மூன்று கூடுமிடமோ பெரும்பாலும் ஆளரவமற்ற காடாகவோ மலையாகவோ இருக்கும். மூன்று ஆட்சிகளின் கடைக்கோடிகள் ஒருங்கு கூடுமிடம் தனித்துக் கிடப்பதில் வியப்பு யாது?

அத்தகைய இடம் ஒன்று நீலமலைக்கு வடமேற்கே உள்ளது. தமிழ்நாட்டின் முதுமலையும், கருநாடகத்தின் பந்திப்பூரும், கேரளத்தின் வயநாடும் அங்கே ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. வயல்நாடு என்னும் பெயரே வயநாடு என மருவிற்று என்பர். எல்லைகள் சந்திக்கும் அக்காட்டில் கடைத்தெரு இல்லை, கோபுரம் இல்லை. தேக்கும் மருதும் மூங்கிலுமே ஓங்கி நிற்கின்றன. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே நெடுந்தொலைவு மோயாறே எல்லையாக ஓடுகின்றது.

மலையும் ஆறும் இயற்கை தந்தவை. எல்லையோ மனிதர் வகுத்தது. ஆதலின் அது காலந்தோறும் மாறும் இயல்பினது. கூடலூரைச் சூழ்ந்த பகுதி முன்னாளில் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த தென்கிழக்கு வயநாடாக இருந்தது. 1877-ஆம் ஆண்டில் அது நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. பின்னர் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபொழுது, மலபார் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தோடு இணைந்தது. அதுவரை சென்னை, மைசூர் என்னும் இரண்டு ஆட்சிகளே சந்தித்த காடு, அன்று முதல் மூன்று ஆட்சிகளின் சந்தியாயிற்று. காட்டில் ஒரு மரமேனும் இடம்பெயரவில்லை. நிலப்படத்தில் கோடு மட்டுமே மாறிற்று.

ஆயினும் அக்கோடு வாழ்க்கையைத் தொடாமல் இல்லை. பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்கள் கூடலூர்ப் பக்கத்தும் வாழ்கின்றனர், வயநாட்டிலும் வாழ்கின்றனர். ஒரே குடியிற் பிறந்த சிறுவருள் ஒரு சாரார் தமிழ் எழுத்தையும், மற்றொரு சாரார் மலையாள எழுத்தையும் பள்ளியிற் பயில்கின்றனர்.

விலங்குகளோ எல்லையை அறியா. மேற்கே வயநாட்டில் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பொழிகின்றது. கிழக்கே சீகூர்ப் பகுதி மலையின் மறைவில் இருத்தலால், அங்கே மழை குறைந்து முட்புதர்கள் மல்கியுள்ளன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 150 கிலோகிராம் உணவும், 100 லிட்டருக்கு மேற்பட்ட நீரும் வேண்டும். கோடையிற் புல் கருகி நீர்நிலைகள் வற்றியதும், யானைக் கூட்டங்கள் ஈரமுள்ள இடம் நாடி மேற்கே பெயர்கின்றன. மழை பெய்தபின் மீள்கின்றன. அவை செல்லும் வழி அடைபடுமாயின், விளைநிலத்துட் புகும். மனிதர்க்கும் யானைக்கும் பகை மூளும். இரு திறத்தும் உயிர்கள் மாயும்.

அக்காட்டின் ஊடே மைசூரிலிருந்து உதகைக்கும் வயநாட்டுக்கும் நெடுஞ்சாலைகள் செல்கின்றன. இரவில் விரையும் வண்டிகளால் விலங்குகள் பல மடிந்தமையின், 2009-ஆம் ஆண்டில் பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரவு தடுக்கப்பட்டது. வயநாட்டு வணிகரும் உழவரும் தங்கள் பொருள் உரிய காலத்திற் சந்தை சேராதென முறையிட்டனர். அவர்தம் குறையும் பொய்யன்று. வாயற்ற விலங்கின் துன்பமும் பொய்யன்று. ஒரு மாநிலத்தின் காட்டைக் காக்கும் ஆணை, அடுத்த மாநிலத்தின் அங்காடி வரை எட்டுகின்றது. ஆதலின் இத்தகைய இடத்தில் எவரும் தனித்து முடிவு செய்தல் எளிதன்று.

இவ்வுண்மையை உணர்ந்தே 1986-ஆம் ஆண்டில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் நிறுவப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக அமைந்த உயிர்க்கோளக் காப்பகம் அதுவே. அதன் பரப்பு 5,520 சதுர கிலோமீட்டர். மூன்று மாநிலங்களின் காடுகளும் அதனுள் அடங்கும். காட்டுத்தீ ஒரு பக்கம் எழுந்தால் மறுபக்கத்தார் விழித்திருத்தல் வேண்டும். ஒரு பக்கம் வேட்டையாடிய கள்வன் மறுபக்கம் ஒளியாதபடி காவலர் கைகோத்து நிற்றல் வேண்டும்.

வயநாட்டிற் பிறக்கும் கபினி கருநாடகத்துட் புகுந்து காவிரியோடு கலக்கின்றது. நீலமலையிற் பிறக்கும் மோயாறு பவானியைச் சேர்ந்து, அதன் வழியே அதே காவிரியை அடைகின்றது. மூன்று மாநிலத்துக் காடும் செழித்தாலன்றிக் காவிரி செழிப்பதில்லை. ஆட்சி முறையாக நடைபெற எல்லை வேண்டும். அது மனத்தின் எல்லையாகிவிடாமற் காத்தல் அதன் இரு புறத்தும் வாழ்வோர் கடமையாகும்.