திரையில் வீழ்ச்சியும் மீட்சியும்

தமிழ்ப் பேசும்படங்கள் தோன்றிய நாள்தொட்டே குடிப்பழக்கம் அவற்றுக்கு ஒரு கதைப்பொருளாக இருந்து வந்திருக்கிறது. குடிக்கு அடிமையானவன் விழுவதையும், அவன் மீண்டெழப் போராடுவதையும் நம் படங்கள் எவ்வாறு காட்டுகின்றன? அக்காட்சிகள் உண்மையோடு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன? இவற்றை இன்று சிறிது ஆராய்வோம். ஆராய்ச்சியைக் காவிரி நாட்டிலிருந்தே தொடங்கலாம்.

திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ். எஸ். வாசன், 'ஆனந்த விகடன்' இதழில் 'சதி லீலாவதி' என்னும் தொடர்கதையை எழுதினார். ஹென்றி உட் அம்மையார் 1860-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற மதுவிலக்கு நாவலே அதற்கு மூலம். 1936-இல் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் அக்கதையைத் திரைப்படமாக்கினார். எம். கே. ராதா கதாநாயகர். செல்வந்தனாகிய நாயகன் தீய நண்பனால் குடிக்கப் பழகுகிறான். போதையில் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். இறுதியில் குற்றமற்றவன் என்று தெளிந்து மனைவியோடு சேர்கிறான். அடுத்த ஆண்டு, 1937 அக்டோபரில், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அக்காலத்துச் சமூகக் கவலையை அப்படம் எதிரொலித்தது என்பதில் ஐயமில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1968-இல், வாசனின் ஜெமினி நிறுவனம் 'ஒளிவிளக்கு' என்ற படத்தை வெளியிட்டது. 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் அறிமுகமான எம்.ஜி.ஆருக்கு அது நூறாவது படம். அதிலே குடித்துத் தள்ளாடும் நாயகனை அவனுடைய மனச்சாட்சியே பல உருவங்கொண்டு சூழ்ந்து இடித்துரைக்கிறது.

நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்த கே. பாலசந்தர், 1985-இல் 'சிந்து பைரவி'யை இயக்கினார். அதன் நாயகன் புகழ்பெற்ற கர்நாடக இசைப் பாடகன். திருவையாற்றையும் திருவாரூரையும் அறிந்த நமக்கு அவனுடைய பெருமை விளங்கும். காதலி பிரிந்துபோன துயரத்தில் அவன் குடியில் வீழ்கிறான்; சபையை ஆண்ட அந்தக் குரல், ஒரு குவளை மதுவுக்காகப் பாடும் நிலைக்குத் தாழ்கிறது. குடி ஒரு மனிதனின் தன்மானத்தை எவ்வாறு அரித்துவிடுகிறது என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய தமிழ்க்காட்சிகள் சிலவே. பின்னர்ப் பிரிந்தவள் திரும்பி வருகிறாள். அவனும் மீண்டு மேடையேறுகிறான்.

மாணவ நண்பர்களே! இப்படங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. வீழ்ச்சி படிப்படியாக விரிகிறது. மீட்சியோ ஓர் அதிர்ச்சியிலோ, மனச்சாட்சியின் ஒரு சொல்லிலோ, அன்புடையாள் ஒருத்தியின் வருகையிலோ விரைவில் முடிந்துவிடுகிறது. இதற்குக் காரணம் கலையின் இயல்பிலேயே இருக்கிறது. தள்ளாடும் நடையும் குழறும் நாவும் நடிகனுக்கு வாய்ப்பளிப்பவை. குடியாமல் கழிந்த ஒரு நாளிலோ கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் நிகழ்வதில்லை. அத்தகைய நாட்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கி வருவதே மீட்சி என்பதைப் படம் எப்படிக் காட்டும்?

மருத்துவம் கூறும் உண்மை வேறு. நெடுநாள் மது அருந்தியவனின் மூளை மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டுவிடுகிறது. திடீரென்று அதை நிறுத்தினால் கைகால் நடுங்கும், உறக்கம் கெடும், சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் கடுங்குடியர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்தவேண்டும். உடல் தேறிய பின்னரும் வேட்கை உறங்கிக் கிடக்கும். கூலி கைக்கு வந்த மாலையும், பழைய நண்பனின் குரலும் அதைத் தட்டியெழுப்பப் போதும். மீண்டும் வழுக்குவது பலருக்கும் நேர்வதே.

இவ்வுண்மையை அஞ்சாது காட்டிய படம் ஒன்று 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய 'டேஸ் ஆப் ஒயின் அண்ட் ரோசஸ்' என்ற அப்படத்தில் கணவனும் மனைவியும் குடிக்கு அடிமைகள். இருவரும் நிறுத்துகிறார்கள், மீண்டும் வழுக்குகிறார்கள். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில், தான் ஒளித்து வைத்த புட்டியைத் தேடிக் கணவன் தொட்டிகளையெல்லாம் உடைத்தெறிகிறான். 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் குடிநோயாளர் தோழமைச் சங்கத்தின் துணையால் பின்னர் அவன் தேறுகிறான். மனைவி தேறவில்லை. அன்பு ஒன்றே போதும் என்று அப்படம் பொய்யுரைக்கவில்லை.

நம் நாட்டில், 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி. டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், இந்நோயாளருக்கு மருத்துவமும் அறிவுரையும் அளிக்கலாயிற்று. நகரத்தோடு நில்லாமல், நம் டெல்டாவைச் சேர்ந்த மஞ்சக்குடிச் சிற்றூரிலும் அது முகாம் அமைத்தது. ஊராரும் குடும்பத்தாரும் கூடி நின்று ஒருவனைத் தேற்றும் முறை அது. அதைக் கதையாக்கினால் எத்துணை நல்ல படமாகும்!

படம் காட்டும் விரைவான மீட்சியை நம்பிவிடுவதால் கேடு உண்டா? உண்டு. தந்தையோ தமையனோ கோயிலில் சத்தியம் செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டார் எண்ணுகிறார்கள். சில வாரங்களில் அவர் வழுக்கினால், 'பொய்யர், திருந்தாதவர்' என்று கைவிடுகிறார்கள். அவரும் தம்மைக் கைவிட்டுவிடுகிறார். ஆயின், நாற்றைப் பிடுங்கி நட்டவுடன் அது பழுத்துத் துவளுவதை நம் உழவர் அறிவார். அதைக் கண்டு யாரும் பயிரைப் பிடுங்கி எறிவதில்லை. தண்ணீர் கட்டிக் காத்திருக்கிறார்கள். பின்னரே அது பச்சை பிடிக்கிறது. காத்திருத்தல் என்பது குடிக்கப் பணம் கொடுப்பதோ, அடியையும் வசையையும் பொறுப்பதோ அன்று. மருத்துவரிடம் மறுபடியும் அழைத்துச் செல்வதே.

இனி இத்தகைய படம் ஒன்றைக் காணும்போது, 'இவன் திருந்திவிட்டான்' என்று திரை சொன்னதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மறுநாள் மாலையில் இவன் என்ன செய்வான்? இவன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? உங்கள் வீட்டிலோ அண்டைவீட்டிலோ ஒருவர் இந்நோயோடு போராடுவாராயின், அக்கேள்வி படத்தைப் பற்றியது மட்டுமன்று.